மருமகள் கையில் துப்பாக்கி

பட்டணத்து சினிமா டைரக்டர் ஒருவர் தம் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால், விழுப்புரம் ரயில்வேயில் எனக்கிருக்கும் நிரந்தர வேலை போய்விடும். எனக்கோ அந்த மனிதர் மேலேயே சந்தேகம். பக்திப் படம், கொலைப் படம், குடும்பப் படம் எல்லாம் ஒரே ஆள் எடுக்க முடியுமா? உதவியாளர்கள் எடுத்ததில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற ஆசாமியோ? சனிக்கிழமை விழுப்புரத்தில் கொலைப் படத்தைப் பார்த்தேன். குடும்பப் படம் திண்டிவனத்தில் ஓடியது. ஞாயிறு பிற்பகல் கிளம்பினேன்.

யுத்த காலம். ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் நிற்கவும் இடம் விடவில்லை. ஆகவே பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ். இருபத்துநாலு மைல், பத்தணா, இரண்டே முக்கால் மணி நேரம். கூட்டேரிப்பட்டில் நிறுத்தி, பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறினார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரைமேல் பிலிம் பெட்டிகள்! பிலிம் பற்றிக்கொண்டால் அணைக்கவே முடியாது.

"எரியிற சாமான்யா அது!" என்றேன் டிரைவரிடம்.

"நேத்து விழுப்புரத்துல ஓடுன கொலைப் படம் சார். நாளையிலேர்ந்து திண்டிவனத்துல. பயமா இருந்தா எறங்கி நடங்க, வண்டிக்கும் பாரம் கொறையும்."

திண்டிவனத்தில் கூடாரக் கொட்டகை. பெஞ்சு நாலணா. பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் தட்டியோரம் உட்கார்ந்தேன். மாமியார் கொடுமை, ஊஞ்சல் சங்கிலி மட்டும் கிறீச்சிட, மருமகள் அழுகிறாள். ஒரு ரீல் முடிந்து அடுத்தது தொடங்கியதும் அதே நடிகை துப்பாக்கியோடு வந்து ஒரு வக்கீலைச் சுட்டாள்.

நேற்று பார்த்த கொலைப் படத்தின் ரீல்!

தட்டிக்கு அப்பால் ஒரு குரல்: "யார்டி அந்த ஆளு?"

"மாமியாளோட அண்ணனா இருப்பான். ஏத்தி வுட்டுக்கினு இருந்தவன் அவந்தான் போல."

ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். அவர் தலையில் கைவைத்தபடி நின்றார். "பஸ்ல வந்த பொட்டி சார், கலந்து பூட்டுது. இப்ப நிறுத்துனா கொட்டாயக் கொளுத்திடுவாங்க. பேஜாரு பண்ணாம போய் குந்துங்க."

அடுத்த ரீலில் மருமகள் மறுபடி கண்ணைக் கசக்கினாள். "சுட்டுட்டு வந்து எப்படி அழுவுறா பாரு, நீலி!" என்றது அதே குரல். கடைசிவரை அவளை ஒருவரும் நம்பவில்லை.

எனக்கு வேறொன்று உறைத்தது. ரீல் மாறிய இடத்தில் ஒட்டுப் போட்ட மாதிரியே தெரியவில்லை. துப்பாக்கிக்கு முன்பும் பாட்டு, வாத்தியம் எல்லாம் நின்று சுவர்க்கடிகாரம் மட்டும் கேட்டது. இங்கே ஊஞ்சல், அங்கே கடிகாரம். இரண்டு படத்துக்கும் ஒலிப்பதிவாளர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதை டைட்டிலிலேயே பார்த்திருந்தேன். அப்படியானால் இந்த மௌனம் டைரக்டருடையதுதான். அந்த ஆள் பொய்யில்லை.

போகிறவர்கள் கவனிக்க: கரி பஸ்ஸில் முன்னிருக்கை கேளுங்கள், பின்னால் புகை. கொட்டகையில் தட்டியோரம் உட்காருங்கள், இன்னொரு படம் காதில் ஓடும்.

திண்டிவனத்திலிருந்து பட்டணத்துக்கே இரவு ரயிலில் எப்படியோ தொற்றிக்கொண்டு போய், திங்கள் காலை டைரக்டரிடம் சம்மதம் சொன்னேன். ரீல் கலந்த கதையையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்புறம் அவ அழுதப்போ ஜனம் நம்பிச்சா?"

"ஒருத்தரும் நம்பலை சார்."

டைரக்டர் உதவியாளரைக் கூப்பிட்டு, "அடுத்த படத்துல மருமகதான் கொலைகாரி," என்றார்.