நாலு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் உருதுப் பள்ளி

மனு கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இது விதி. தாலுகா அலுவலகத்தில் இதைச் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்து எல்லா மேசைக்கும் அனுப்பியவனே நான்தான். பிப்ரவரியில் நான் கொடுத்த மனுவுக்கு மே மாதம்வரை ஒப்புகைகூட வரவில்லை.

நான் கேட்டது பெரிய விஷயமல்ல. எங்கள் தெரு உருதுத் தொடக்கப் பள்ளி நாலு மணிக்குப் பூட்டப்படுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் திறந்து, என்னைப் போன்ற பெரியவர்களுக்கு உருது பேசப் பழக்க வேண்டும்.

தேவை அவசரமானது. என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கை ஓரளவு திரும்பியது, தமிழ் திரும்பவில்லை. மிஞ்சியது எங்கள் வீட்டு உருது மட்டும். எனக்கோ அது எட்டு வயதோடு நின்றுபோன மொழி. அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை. கச்சிராயபாளையத்திலிருந்தும் மலையிலிருந்தும் வருகிறவர்கள் முன்னால் உருதில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால், விலையை ஏற்றச் சொல்லிக்கொள்கிறோம் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்களாம். எட்டு வயதில் என்னைக் கடையில் நிறுத்தினார். மறந்து வீட்டு மொழி வந்தால், முழக்கோல் முதுகில் விழும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைக்கு வராத அக்காவிடம் மொழி தங்கியது.

இப்போது அக்கா தினமும் ஒரே கேள்வி கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பை அப்பா நிறுத்தியபோது, "கைக்கு?" என்பாள். எங்கள் உருதில் ‘ஏன்’ என்று அர்த்தம். ஏன் நீ வாயைத் திறக்கவில்லை? தமிழில் கேட்டிருந்தால் நாலு பக்க விளக்கம் எழுதியிருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. உருதில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "அப்பா அடிப்பார்."

"அது அப்போ. இப்போ நீ அப்பாவைவிடக் கிழவன். இப்போ சொல்லு" என்றாள் அக்கா, உருதில்.

ஜூனில் நேரில் போனேன். மனு மூன்று அலுவலகம் சுற்றிவிட்டு, புறப்பட்ட மேசையிலேயே படுத்திருந்தது. எழுத்தர் நிமிராமல் கேட்டார்:

"இந்த வயசுல இன்னாத்துக்குங்க சார் உருது? பரீட்ச எழுதப் போறீங்களா?"

"உங்க வயசுல நான் மனுவப் படிச்சிட்டுதான் பேசுவேன்" என்றேன். பக்கத்து மேசை சிரித்தது. கோப்பு நகரவில்லை.

பிறகு கறிக்கடையில் உட்கார ஆரம்பித்தேன். கடைக்காரர் வீட்டில் உருதுதான் பேசுவார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டுத் திருத்துவார்.

"சார், கொழந்த முட்டாய் கேக்கற மாதிரியே பேசிக்கினு இருக்கீங்க. பெரிய மனுசன் மாதிரி சொல்லுங்க."

திருத்தியதைத் தமிழ் எழுத்தில் எழுதி, வீட்டுக்கு நடந்துகொண்டே முணுமுணுப்பேன். தெருவில் என்னைப் பார்த்துச் சிலர் ஒதுங்கினார்கள்.

அக்டோபர் கடைசியில்தான் பெரிய மனுசன் மாதிரி சொல்ல வந்தது. சொன்னேன்: "நீ பள்ளியை விட்டு நின்றது எனக்கு வசதியாக இருந்தது. உன் புத்தகம், உன் பலகை, விளக்குக்குப் பக்கத்து இடம், எல்லாம் எனக்கு வந்தது. அதனால் பேசவில்லை." அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மறுநாள் முதல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட.

அப்புறம் ஒருநாள் தபால் வந்தது. 'மனுதாரர் பள்ளி வயதைக் கடந்தவர் என்பதால் கோரிக்கையை ஏற்க இயலாது' என்று இரண்டு வரி. கோபத்தில், அவள் கட்டிலருகே நின்று, அதை அப்படியே உருதில் மாற்றி உரக்கப் படித்தேன். எங்கும் தடுக்கவில்லை.

அக்கா திரும்பினாள். "பதினோரு வயசுல அப்பாவும் எனக்கு இதைத்தான் சொன்னார். வயசாயிடுச்சாம்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "கொஞ்சம் தண்ணி கொடு."

அன்று நவம்பர் பதினொன்று, தேசியக் கல்வி தினம்.