காலண்டரில் நான் போட்ட வட்டங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிய அன்று, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீட்டில் கேஸை மூடினேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே படிக்கிற பிள்ளையின் தாய் ஒருத்திதான் தலைவியாக வேண்டும் என்றார்கள். யாரைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்திலிருந்த என் மதினி என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

"இவ இருக்கட்டும் சார். எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. பயப்படுறவ தப்புப் பண்ண மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் ஆனேன்.

ஆறாம் வகுப்புப் பாதியில் நின்றவள் நான். அப்போது எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்க மணலில் மெயின் ரோடு வரை நடந்து பஸ் ஏற வேண்டும். ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பஸ் வரவில்லை. இருட்டிய பிறகு வீடு வந்தேன். மூன்றாம் நாள் அய்யா என் பையை வாங்கி உத்தரத்தில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கடல்தான். பாசி எடுக்கிறேன். தண்ணீர் வற்றுகிற நாட்களில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிற வேலை. எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடத்தை எட்டாவது வரை உயர்த்தியது நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு. நான் தலைவியானபோது என் மகள் ஐந்தாவது படித்தாள்.

அந்த வருஷமே புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிடச் சின்ன வயது. முதல் நாள் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கை ஆன் பண்ண மறந்து பாதி வரை பேசிவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"நம்ம ரெண்டு பேருமே புதுசுக்கா," என்றார். "தப்புப் பண்ணித்தான் கத்துக்கணும்."

முதல் கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை. நான் பாதியில் விட்ட வாக்கியத்தை, யாருக்கும் தெரியாதபடி அவரே முடித்துவைத்தார். தீர்மானப் புத்தகத்தை எப்படி வாசிப்பது, உறுப்பினர்கள் கேட்டால் தலைவியே கூட்டம் கூட்டலாம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை, எந்த நேரத்தில் போனால் தாய் வீட்டில் இருப்பாள் என்று நான் அவருக்குச் சொன்னேன். பொம்பளைப் பிள்ளைகள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தோம். குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தோம். நான் கரையில் நடந்தால், "தலைவி வாராக, வழி விடுங்கடி," என்று கேலி செய்வார்கள். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு நாள் மேஜைக் காலண்டரை என் பக்கம் திருப்பிச் சிவப்புப் பேனாவைக் கொடுத்தார்.

"நீங்க எல்லாரும் கடலுக்குப் போற நாள்ல கூட்டம் வச்சா யாரு வருவா? அந்த நாளுக்கெல்லாம் வட்டம் போட்டுருங்கக்கா. அத விட்டுட்டு வைக்கிறேன்."

படிக்காதவளின் பிழைப்பை மதித்து ஒரு வாத்தியார் கேட்கிறார். மாதம் பிறந்ததும் போய் வட்டம் போட்டேன். காற்று மாறினால் மறுபடி போய்த் திருத்தினேன். பால் பொங்கினால்கூட அபசகுனமோ என்று பயப்படுகிற எனக்கு, அதில் பயம் வரவில்லை.

தை முடிவில் ஒரு சாயங்காலம் மகள் வந்து சொன்னாள்.

"யம்மா, அடுத்த வருஷம் ஆறாவது இங்கன கிடையாதாம். ஆறு, ஏழு, எட்டு மூணையும் டவுன் பள்ளிக்கூடத்தோட சேக்குறாகளாம். நேத்துக் கூட்டம் போட்டு எழுதிட்டாகளாம்."

நேற்று நான் கடலில் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் போனேன். புத்தகத்தைக் கேட்டேன். கொடுத்தார். தலைவி வரவில்லை, துணைத்தலைவி தலைமையில் கூட்டம் நடந்தது, அனைவரும் ஒருமனதாக ஏற்றனர் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் ரோட்டோரத் தெருக்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் ஆட்டோவில் டவுனுக்குப் போய்விடும். கடலுக்குப் போகிற வீட்டுக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

"முந்தாநாள் தேதிக்கு நான் வட்டம் போட்டுருந்தேனே சார்."

அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. "மேலேர்ந்து அவசரமா கேட்டாங்கக்கா."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க இருந்தா அழுவீங்க. உங்களப் பாத்து எல்லாரும் அழுவாங்க. அப்புறம் என்னால முடிவெடுக்க முடியாது." வருகைப் பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி, "மூணு டீச்சர வச்சு எட்டு வகுப்பு ஓட்டுறேன். ஒரு நாள் வந்து நின்னு பாருங்க," என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் கையாலேயே எங்கள் கதவைச் சாத்தக் குறித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது வழி முழுக்க நெஞ்சை அறுத்தது. கரையில் கேலி மாறிவிட்டது. "தலைவி பள்ளிக்கூடத்த வித்துட்டாடி," என்றார்கள். மதினி மட்டும் தனியாகக் கேட்டாள்.

"நாளக் குறிச்சுக் குடுத்தது நீதானா?"

"நான்தான்."

"அப்ப நீயே போய்க் கேளு. நாங்க பின்னால வாரோம்."

நான்காம் நாள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, கூட்டம் வேண்டும் என்று நானே மனு எழுதினேன். எழுத்துப் பிழை நிறைய இருந்திருக்கும். அவர் வாசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் பள்ளிக்கூடத்து மண்டபம் நிறைந்திருந்தது. பஸ் வராத அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் பேசினேன், வேறொன்றும் எனக்குத் தெரியாது. நடுவில் குரல் போய்விட்டது. அவர் முடித்துவைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நானே முடித்தேன்.

துணைத்தலைவி, "ஒங்களுக்காக எங்க பிள்ளைகளும் இங்கனயே கிடக்கணுமாக்கும்?" என்றாள்.

"நீ தாராளமா டவுனுக்கு அனுப்பு தாயி," என்றாள் மதினி. "எங்க பிள்ளைக்குச் சேத்து நீ கையெழுத்துப் போடாத."

மூன்று வகுப்புகளும் இங்கேயே இருக்க வேண்டும், இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதினோம். ஆசிரியர் வரவில்லை. ஆனால் வருகிற ஒரு வருஷம் மட்டும் இப்படியே நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஜூனில் என் மகள் ஆறாவதில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னபடி ஒரு நாள் போய் நின்றும் பார்த்தேன். ஒரே அறையில் இரண்டு வகுப்பு. ஒன்றுக்குப் பாடம் நடத்தினால் இன்னொன்று கத்துகிறது. மனிதர் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் கஷ்டம் உண்மைதான். அதற்காக என் மனம் ஆறிவிடவில்லை.

ஜூலைக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்தபோது, அவர் மெதுவாக என்னிடம் சொன்னார். "அடுத்த வருஷம் இந்தப் பேச்சு மறுபடி வரும்க்கா. வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

"அதத் தீர்மானத்துல எழுதுங்க சார்," என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் பேனாவை எடுக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.