தொடாத கட்டு

பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம், நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடு. இன்று என் வார்டில் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ஆனாலும் மேட்ரனம்மா சுவரில் ஒட்டிய அந்தத் தாள்தான் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு சிறு ஆஸ்பத்திரியில் நான் தற்காலிக நர்ஸ். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தினமும் கட்டுப் பிரித்துப் புதிதாகப் போடுவது எங்கள் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் செலவு ஏறவே, ஒரு நர்ஸைக் குறைக்கலாம் என்றது நிர்வாகம். அந்த ஒருத்தி நான்தான். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஆளைக் குறைக்குமுன் கட்டைக் குறைத்துப் பார்ப்போம் என்றார் மேட்ரனம்மா. சுத்தமான தையலைத் தினமும் பிரிக்கத் தேவையில்லை என்று படித்திருந்தார். பெரிய டாக்டரும் சம்மதித்தார். வார்டில் இடது வரிசைக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும், வலது வரிசையைத் தையல் பிரிக்கும்வரை தொடக் கூடாது. யாருக்குச் சீழ் வைக்கிறது என்று ஒரு மாதம் அந்தத் தாளில், கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது வரிசை, அந்தப் பக்கம் வலது வரிசை என்று குறிக்க வேண்டும்.

வலது வரிசையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா. "எதுத்தாப்ல உள்ளவளுக்குத் தெனமும் கட்டுதிய. நான் மலைல கொழுந்து பறிக்கிற பொம்பளன்னு தொட மாட்டேங்கியளோ?" என்றார். எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் அழுதுவிட்டார். மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் கட்டை மாற்றினேன். தாளில் 'தொடவில்லை' என்றே எழுதினேன். என் பிழைப்பே அந்தத் தாளில் இருக்கிறது என்று தெரிந்தும் செய்தேன். அவ்வளவு சமர்த்து நான்.

மாதம் முடிந்து, தாளைப் பார்க்கவிருந்த நிர்வாகக் கூட்டத்துக்கு முந்தின நாள் பொறுக்க முடியாமல் மேட்ரனம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார்.

"பொய் எழுதிட்டு வந்து நிக்கியே பிள்ள. மத்ததாவது நெசந்தானா?"

நிஜம்தான் என்றேன்.

கூட்டத்தில் அந்த அடித்த வரியைத்தான் முதலில் கேட்டார்களாம். "ஒரு பிள்ளைக்கு மனசு கேக்கல, மாத்திட்டா. அதான் சேக்கல" என்றாராம் மேட்ரனம்மா. அடித்ததை மறைக்காதவர் மற்றதையும் மறைத்திருக்க மாட்டார் என்று பட்டதோ என்னவோ, அதற்குமேல் யாரும் தோண்டவில்லை. இரண்டு வரிசையிலும் புண் ஒன்றுபோலத்தான் ஆறியிருந்தது; தினமும் மாற்றுவதை நிறுத்தினாலே செலவு குறையும்.

மேட்ரனம்மா கூட்டத்திலிருந்து நேரே என்னிடம் வந்தார். நோட்டை விரித்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த மாச டூட்டி போடுதேன். ஒனக்குப் பகலா, நைட்டா?"

எதுவானாலும் சரிம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.