மூன்று நாளைக்குச் சர்க்கரை

என் மகளுக்கு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தால் ஒன்றையே மூன்று தடவை எழுதிக் கிழிக்கிறேன். எழுதியது சரிதானா என்ற பயம். ஆறாம் வகுப்பு படித்தபோது அந்தப் பயம் எனக்குத் துளியும் இருந்ததில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். வரதராசன்பேட்டையில் இருந்தோம். பள்ளியில் எங்களுக்கு டீச்சர் கற்றுத் தந்த முதல் பெரிய இங்கிலீஷ் வாக்கியம் லீவு லெட்டர்தான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி ‘கிராண்ட் மீ லீவ் ஃபார் த்ரீ டேஸ்’ என்று முடியும். காய்ச்சலால் அவதிப்படுவதால் மூன்று நாள் லீவு தரவும். காய்ச்சல் இருக்கும் இடத்தில் தலைவலியை வைக்கலாம், வயிற்றுவலியை வைக்கலாம். மற்றதில் கை வைத்தால் மார்க் போய்விடும்.

அந்த வருஷம் அக்காவுக்கு ஏலாக்குறிச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. சர்க்கரைதான் இல்லை. அப்போது அதற்குக் கண்ட்ரோல், ரேஷனில் அளந்துதான் தருவார்கள். கல்யாணத்துக்கென்று தனியாக வேண்டுமானால் அரியலூர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் இருந்தால்தான் எடுபடும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.

“வூட்டுலயே இங்கிலீஷ் படிக்கிற புள்ள இருக்கு. நான் ஏன் வெளிய போவணும்?” என்றார் அப்பா.

முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். பெண்பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்பே அதிகம் என்பது அவள் கட்சி.

“எழுதட்டும் தம்பி. சக்கரை வந்தா மேல படிக்கட்டும். வரலன்னா வர்ற வருசம் எங்கூட ஒக்காந்து கொட்ட ஒடைக்கட்டும். சரிதானே?”

அத்தை பேச்சைத் தட்டி அப்பாவுக்குப் பழக்கமில்லை. தலையாட்டிவிட்டார்.

எழுதினேன். காய்ச்சலை எடுத்துவிட்டு அக்கா கல்யாணத்தை வைத்தேன். லீவை எடுத்துவிட்டுச் சர்க்கரையை வைத்தேன். மற்ற எதையும் தொடவில்லை.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் அப்பாவும் நானும் அரியலூர் போனோம். ஆபீசர் மனுவைப் படித்தார். மறுபடியும் படித்தார். குமாஸ்தாவிடம் நீட்டினார். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி இருமினார். தேதி போட மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். வீட்டில் முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

“என்னங்க, மக கல்யாணத்தால ரொம்ப அவதிப்படுறீங்களா?” என்று ஆபீசர் கேட்டார்.

மனுவில் என்ன இருக்கிறதென்று அப்பாவுக்குத் தெரியாது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அத ஏங்க ஐயா கேக்குறீங்க? ஒரு மாசமா தூக்கமே இல்லீங்க” என்றார்.

ஆபீசர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எனக்கும் மூணு பொண்ணுங்கய்யா” என்று பேனாவைத் திறந்தவர், என் பக்கம் திரும்பி, “மூணு நாளைக்குப் போதுமா பாப்பா?” என்றார்.

“போதும் சார்” என்றேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அப்பாவால் பொறுக்க முடியவில்லை. “அப்படி என்னதான் எழுதின?”

நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். அக்கா கல்யாணத்தால் அவதிப்படுவதால் மூன்று நாளைக்குச் சர்க்கரை தரவும். அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

“இந்தா பாரு. அத்தை கேட்டா இங்கிலீஷ்லயே சொல்லு. தமிழ்ல மட்டும் சொல்லிப்புடாத.”

அப்படியே செய்தேன். மூச்சுவிடாமல் ஒப்பித்த என்னை அத்தை வாயைப் பிளந்து பார்த்தாள். “யம்மாடி, என்னமா கொட்டுது!” என்று முழு முந்திரியாகப் பொறுக்கிக் கையில் வைத்தாள். நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன்.

இங்கிலீஷைத் தமிழில் சொல்லிவிட்டால் கிடைத்த சர்க்கரையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.