'நிச்சயமா?' என்று கேட்கும் செயலி

வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்காக ஆபீசில் என் அக்காவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. புதிதாக ஒரு செயலி செய்தால், அதை முன்பின் பார்க்காத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அவர் எவ்வளவு தடுமாறினாலும் உதவக் கூடாது. வீட்டிலோ அத்தான் சட்டையை மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். "கேஸை அணைச்சீங்களா? நிச்சயமா? போய்ப் பாத்தீங்களா?"

நானும் அதே ஆபீஸ்தான். அவள் திரைகளை வரைவாள், நான் அவற்றை இயங்க வைப்பேன். அந்த முறை ஒரு மருத்துவமனைக்காக, டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி. அவள் முன்பு வரைந்த ஒன்றில் பலர் தவறான நாளைப் பதிவு செய்துவிட்டு அல்லாடினார்கள். இதுவும் சொதப்பினால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் அக்கா ஒவ்வொரு திரையையும் பயந்து பயந்து வரைந்திருந்தாள்.

கடைசிச் சோதனைக்கு வர வேண்டியவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் அத்தானைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், மளமளவென்று பதிவு செய்து முடித்தார். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அக்கா வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"இன்னொரு தடவை இதுல பதிவு பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்? ஈஸியாத்தானே இருந்துச்சு?"

"ஈஸிதான், யார் இல்லைன்னா? ஆனா நாளைத் தொட்டா 'நிச்சயமா?'ங்குது. டாக்டரைத் தொட்டா 'நிச்சயமா?'ங்குது. என் பேரை அடிச்சதுக்குமா கேக்கும்? வீட்ல கேக்குறது பத்தாதா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

ஒரு வேலையைத் தடுமாறாமல் முடிக்க முடிகிறதா என்பது எங்கள் தொழிலில் ஒரு பாதிதான். முடித்துவிட்டு எழுந்திருப்பவர் எரிச்சலோடு எழுகிறாரா, நிம்மதியாக எழுகிறாரா என்பதும் சேர்ந்ததுதான் முழுசு. எங்களுக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்ததே அக்காதான். அதனால்தான் அவளுக்கு அப்படி உறைத்தது.

"வேலைதான் முடியுதே, அப்படியே விட்டுடலாமே," என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். ரெண்டாந்தடவை வர மாட்டாங்க," என்றாள் அக்கா.

அந்த 'நிச்சயமா?'க்களையெல்லாம் எடுத்துவிட்டாள். பதிவு முடிந்ததும் நாளும் டாக்டர் பெயரும் பெரிய எழுத்தில் தெரியும். கீழே 'மாற்று' என்று ஒரு பொத்தான். "தப்பாத் தொட்டா திரும்பி வர வழி இருந்தாப் போதும். நான்தான் குறுக்கே நின்னு மிரட்டியிருக்கேன்," என்றாள் என்னிடம். மாற்றியபின் மறுபடி வைத்த சோதனைக்கு வந்தவர்களில் ஒருத்தர் நாளைத் தவறாகத் தொட்டார், தானே மாற்றினார், சிரித்தபடி எழுந்து போனார். வேலை அக்காவிடமே தங்கியது.

அதைக் கொண்டாட மூன்று பேரும் சினிமாவுக்குக் கிளம்பினோம். அத்தான் கதவைப் பூட்டினார். அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அத்தான் திடீரென்று நின்றார். "நான் கேஸை அணைச்சேனா?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீ ஏன் இன்னிக்குக் கேக்கவே இல்ல?" என்றார், குறைபட்டுக்கொள்கிற குரலில்.

"நானே அணைச்சிட்டேங்க," என்றாள் அக்கா. "பஸ் வருது, ஏறுங்க."