சொல்லின் கடைசி உகரம்

தென்காசியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எதிர்க்கடை அண்ணாச்சி ஒருநாள் பழைய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சவுண்டு வேலதான பாக்குதிய? இது கரகரங்குது, என்னன்னு பாருங்க." எனக்கு ஸ்பீக்கர் பழுதுபார்க்கத் தெரியாது என்றேன். "பொறவு என்னதான் செய்யுதிய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

லினக்ஸ் கணினிகளுக்காக ஒரு ப்ளக்இன் எழுதிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவு மென்பொருளோடு அதை இணைத்துக்கொண்டால், பேச்சுக்குப் பின்னால் கேட்கும் மின்விசிறி, காற்று, வண்டி இரைச்சலைக் குறைத்துவிடும். மூல நிரலோடு இலவசமாக இணையத்தில் வைத்திருந்தேன். பிழைப்புக்கு வேறு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ப்ளக்இன் பற்றி வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் குறைகள்; எங்கோ தூர தேசத்திலிருந்து, ஆங்கிலத்தில். ஆனாலும் அவற்றுக்காகத்தான் காலையில் கணினியைத் திறப்பேன்.

ஒரு சாரல் காலத்தில் அப்படி ஒரு குறை வந்தது. சொற்களின் முடிவு வெட்டுப்படுகிறதாம். இரண்டொரு முறை மாற்றிக் கொடுத்தும் சரியாகவில்லை. பின்னணியில் என்ன இரைச்சல் என்று கேட்டேன். லாரி என்றும், வீடு செக்போஸ்ட் பக்கம் என்றும் ஆங்கிலத்தில் பதில் வந்தது. எந்த ஊர் செக்போஸ்ட் என்றேன். புளியறை.

இதுவும் ஏதோ தூர தேசம் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்துச் செங்கோட்டையைத் தாண்டினால் புளியறை. நேரில் வரலாமா என்று முதல்முறையாகத் தமிழில் எழுதினேன்.

வரச் சொன்னார்கள்; போனேன். குறை எழுதியவர் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். என் வயதுதான் இருக்கும். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார். பள்ளியில் கழித்துவிட்ட கணினி. அதில் லினக்ஸ் மட்டும்தான் ஓடும். அவர் கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். டீச்சர் பதிவை ஓட்டினார். 'பாட்டு' என்பது 'பாட்ட்' என்று நின்றது. 'வந்து' 'வந்த்' ஆகியிருந்தது.

"குற்றியலுகரத்த பூராவும் முழுங்கிருது பாத்தியளா?" என்றார்.

உதட்டைக் குவிக்காமல் பாதி மூச்சில் சொல்லும் அந்த உகரத்தை, என் ப்ளக்இன் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்திருக்கிறது.

"யார் குரல வச்சு சோதிச்சிய?"

"நெட்ல கெடச்ச இங்கிலீஷ் குரல்தான், டீச்சர்."

"வீட்ல யாரையாவது பேசச் சொல்லிப் பாத்திருக்கலாம்லா?"

"வீட்ல யாரும் இல்ல."

"நீங்க இருக்கியள்லா?"

சாதாரணமாகத்தான் கேட்டார்.

மறுநாள் மைக்கின் முன் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் நாளிதழை எடுத்து வாசித்தேன். குரல் அடைத்துக்கொண்டு வந்தது. அன்று அதற்கு முன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதன்பின் தினமும் வாசிப்பேன்; நிரலைத் திருத்துவேன்; என் குரலையே போட்டுக் கேட்பேன். பழகப் பழகக் குரல் திறந்துகொண்டது. மழை ஓய்வதற்குள் உகரம் அழியாமல் நின்றது.

"இப்ப எல்லாம் தெளிவாக் கேக்குது. பிள்ளைகளுக்கு அனுப்பிட்டேன்" என்று டீச்சர் எழுதினார். அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது. பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சில வாரம் பொறுத்து, வேறு குறை ஏதாவது உண்டா என்று நானே கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல. நல்லா ஓடுது."

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. அதற்கு மேல் எழுத எனக்கும் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனேன். சீசன் முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்டார். நல்லா விழுது என்றேன். பஸ் வருகிறவரை, அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.