பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து காட்டியவர்

அட்மிஷன் நடந்துகொண்டிருந்த ஒரு காலை. கோட்டாற்றில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஒருவர் தன் மகளுக்குக் கட்டிய பண ரசீதை என் மேஜையில் விரித்து, அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். ‘கணினி மற்றும் தொழில்நுட்பக் கட்டணம்’ என்று அச்சடித்திருந்தது.

“சாரே, பிள்ளை எடுத்திருக்கது தமிழு. இது எதுக்கு?”

சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருடாவருடம் அந்த வரியைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் ஆபீஸ் சூப்பிரண்டிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர், அன்று எனக்காக அரைமணி நேரம் செலவழித்தார். எந்தப் பாடம் எடுத்தாலும் எல்லா மாணவரும் அதைக் கட்டுகிறார்கள். அது கல்லூரியின் பொதுப் பணத்தோடு சேராது, தனிக் கணக்கில் கிடக்கும் என்றார். இன்டர்நெட், சாஃப்ட்வேர் லைசென்ஸ், லேபில் உள்ள மெஷின்கள், யூபிஎஸ் பேட்டரி என்று மாணவர் கை படுகிற சாமான்களுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். துறைகள் எழுதிக் கேட்க வேண்டும். கமிட்டி கூடி எது முதலில் என்று முடிவு செய்யும். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கிய பிறகே சாமான் வரும்.

அன்று சாயங்காலமே வாழைக்குலை வியாபாரியைக் கூப்பிட்டு, கேட்டதை அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் தன் மகளும் அந்த லேபில் போய் உட்காரலாம்தானே என்றார். உட்காரலாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் டைம்டேபிளைப் பார்த்தால் தமிழ், வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு லேபில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்கவில்லை. இதை பிரின்சிப்பாலிடம் கொண்டுபோனபோது அவர் சிரித்துக்கொண்டே, கேட்டவரே கமிட்டிக்கு வாருங்கள் என்று என் பெயரையும் எழுதிச் சேர்த்துவிட்டார்.

முதல் கூட்டத்துக்குப் பயந்துதான் போனேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது டைப் அடிப்பது மட்டும். லேபுக்கு முப்பது புது கம்ப்யூட்டர் வாங்குவது என்பது அன்றைய பொருள். பழையவை திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, பிள்ளைகளின் வகுப்பு நேரம் அதிலேயே போய்விடுகிறது என்றார் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. கொட்டேஷன்கூட வந்தாயிற்று. மாணவர் பிரதிநிதி தலையாட்டினாள், நானும் ஆட்டினேன்.

ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து கொடுப்பதற்காக லேப் டெக்னீஷியனை அழைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். குழித்துறைக்காரி. இங்கே வருவதற்கு முன் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு அவர் ‘லேப் அக்கா’. ரிஜிஸ்டரை மேஜையில் வைத்தவர், போகாமல் வாசல் பக்கமே நின்றார். பிரின்சிப்பால் என்ன என்று கேட்டார்.

“புதுசு வேண்டாம் சாரே. இதொண்ணும் கெட்ட மெஷின் இல்ல. ஹார்ட் டிஸ்குக்குத்தான் வயசாயிப் போச்சு.”

துறைத் தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. கமிட்டியில் உறுப்பினராக இல்லாத ஒருவர் குறுக்கே பேசியது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் குரலில் ஏற்றமும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஒரு வாரம் தாருங்கள், ஒரு மெஷினில் செய்து காட்டுகிறேன், சரியில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அடுத்த வாரம் கூட்டம் லேபிலேயே நடந்தது. ஒரே வருடம் வாங்கிய இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று இருந்தபடியே இருந்தது. மற்றதில் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது வகை டிஸ்கைப் போட்டு, மெமரியும் கொஞ்சம் கூட்டியிருந்தார். பிரின்சிப்பாலையும் துறைத் தலைவரையும் ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போடச் சொன்னார். அப்போதுதான் கேன்டீனிலிருந்து டீ வந்தது. முதல் வாய் குடிப்பதற்குள் துறைத் தலைவரின் மெஷின் திறந்துவிட்டது. பிரின்சிப்பால் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தபோதும் அவர் மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

துறைத் தலைவர் எழுந்து மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து உள்ளே பார்த்தார். நீங்களே எல்லாவற்றுக்கும் செய்துவிடுவீர்களா என்று கேட்டார். செய்துவிடுவேன், லீவு நாளில் இரண்டு பிள்ளைகளைக் கூட விட்டால் போதும் என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தான் சொன்னது தவறு என்று பட்ட அந்த நிமிடமே அதை விட்டுக்கொடுத்த துறைத் தலைவரை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப் போயிற்று.

புது மெஷின் வாங்காததால் பெரிய தொகை மிஞ்சியது. மீட்டிங் ஹாலுக்கு நல்ல புரொஜெக்டர் ஒன்று வாங்கலாமே என்றார் பிரின்சிப்பால். சூப்பிரண்டு எழுந்து நின்று, அந்த ஹாலில் பிள்ளைகள் உட்காருவதில்லை, இது பிள்ளைகளின் பணம் என்றார். ஒரு வரிதான். பிரின்சிப்பால் சற்று யோசித்துவிட்டு, சரிதான், அதைத் தீர்மானத்தில் எழுத வேண்டாம் என்றார்.

எனக்கு அப்போது என் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி நாற்பது பக்க ஆய்வேட்டை முழுக்க போனில், கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கல்லூரி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லேபைத் திறந்துவிட்டாலும் அவள் எப்போது வந்து உட்காருவது? இதைச் சொன்னேன். மாணவர் பிரதிநிதி உடனே, லைப்ரரியில் புத்தகம் தருவதுபோல லேப்டாப் தரலாமே என்றாள். அப்படித்தான் பத்து லேப்டாப் வந்தன. இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். சேதமானால் ஈடு கட்ட வேண்டும் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினோம். லேப் டைம்டேபிளிலும் தமிழுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஏறியது.

முதல் லேப்டாப்பை அந்தப் பெண்தான் எடுத்துப் போனாள். ஐப்பசி மழை பிடித்த வாரம் அது. பிறகு அவள் கல்லூரிக்கு வரவேயில்லை. நான்காம் நாள் அவளுடைய தோழியிடம் விசாரித்தேன். லேப்டாப்பில் தண்ணீர் இறங்கிவிட்டதாம், பயந்துபோய் வீட்டிலேயே இருக்கிறாளாம், படிப்பை நிறுத்திவிடப் போவதாகக்கூடச் சொன்னாளாம்.

லேப் அக்காவிடம் சொன்னேன். பையில் ஸ்க்ரூ டிரைவர் செட்டைப் போட்டுக்கொண்டு, வாருங்கள் போகலாம் என்றார். சுசீந்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வரப்பை ஒட்டிய பாதையில் நடந்தோம். அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். வாய்க்கால் தண்ணீர் தரையில் ஏறிவிடும் என்று பயந்து மகள் லேப்டாப்பை அலமாரியின் உச்சியில் வைத்திருக்கிறாள். தண்ணீர் தரையில் ஏறவில்லை. ஓட்டு இடுக்கு வழியாக நேரே அதன் மேல் ஒழுகியிருக்கிறது. அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவே இல்லை.

லேப் அக்கா எப்படி நனைந்தது என்றும் கேட்கவில்லை, படிவத்தைப் பற்றியும் பேசவில்லை.

“நனைஞ்ச பொறவு ஸ்விட்ச் போட்டியா மக்கா?”

“இல்லக்கா. பயமா இருந்துது.”

“அப்ப தப்பிச்சிரும்.”

துண்டில் சுற்றி வைத்திருந்த லேப்டாப்பை வாங்கி, அங்கேயே பெஞ்சில் கவிழ்த்துப் போட்டுத் திறந்தார். பேட்டரியைக் கழற்றினார். பின்பக்கத்தை அவளுக்குக் காட்டி, தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். அவளும் குனிந்து பார்த்தாள். நாங்கள் வந்த பிறகு அவள் சுவரைவிட்டுத் திரும்பியது அப்போதுதான். கருப்பட்டிக் காப்பி வந்தது. குடித்துவிட்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாளைக்கு வந்துவிடு என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

கீபோர்டு மட்டும் போயிருந்தது. அதை மாற்றியதும் லேப்டாப் ஓடியது. ஆனால் படிவப்படி அந்தச் செலவை அவள் கட்ட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தவர் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் சில நனையும், சில விழும், அதற்குப் பயந்து பிள்ளைகள் எடுக்காமல் விட்டால் நாம் வாங்கியதில் அர்த்தமில்லை என்றார். கட்டணத்தில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று ஒதுக்கலாம், வேண்டுமென்றே கெடுத்தால் மட்டும் ஈடு கேட்கலாம் என்று தீர்மானம் எழுதினோம். சூப்பிரண்டு விதியைப் புரட்டிப் பார்த்து, இடம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் ஆய்வேட்டை அதே லேப்டாப்பில் முடித்துக் கொடுத்தாள். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

மறு வருடக் கமிட்டி ஆர்டரில் லேப் டெக்னீஷியனின் பெயரும் உறுப்பினராக இருந்தது. அதற்குள் எந்தச் செலவு எதற்கு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தொடங்கியிருந்தோம். பிள்ளைகள் அதை நின்று படித்தார்கள், தங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய கோரிக்கைகளும் வந்தன. லேப் அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டு, நோட்டுத் தாளில் கோணல் கையெழுத்தில் வந்த ஒன்றை மேலே எடுத்து வைத்தார். லைப்ரரியில் ஒரேயொரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது, லேப்டாப்பை எடுத்து வந்தும் சார்ஜ் போட வரிசையில் நிற்கிறோம் என்று எழுதியிருந்தது.

இதை முதலில் செய்வோம் என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து லைப்ரரி சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.